வளர்மதிக்குப் போன செய்தி

எக்செல் பட்டியலில் வேண்டிய வரிகள் மட்டும் தெரியும்படி ஃபில்டர் போடுவது எப்படி என்று, இந்த மாதிரி வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களுக்குச் சொல்லித்தர நான் தேவையில்லை. என்னைவிட வேகமாகப் போடுவீர்கள். டைம் ஆபீசில் வருகைப் பதிவு பார்த்து வேலை பழகியவன் நான். எக்செல் எனக்கு நாற்பது வயதுக்கு மேல்தான் வந்து சேர்ந்தது. வந்த பிறகு அதில் எனக்குக் கொஞ்சம் கர்வம்கூட இருந்தது. மனிதவளப் பிரிவில் யாருக்கு எந்தப் பட்டியல் வேண்டுமென்றாலும் என் மேஜைக்குத்தான் வருவார்கள். "சார் கிட்ட குடுங்க, ரெண்டு நிமிஷத்துல பிரிச்சுத் தருவார்" என்பார்கள். எனக்குக் கேட்க நன்றாக இருக்கும்.

அந்தக் கர்வத்தோடு நான் செய்த ஒரு காரியத்தையும், அதைச் சரிசெய்யப் போய் அதைவிட மோசமாகச் செய்த இன்னொரு காரியத்தையும் இங்கே சொல்கிறேன். முதலாவது எங்கள் கம்பெனியில் பழைய ஆட்கள் எல்லோருக்கும் தெரியும். இரண்டாவது மிகச் சிலருக்கே தெரியும். பணி ஓய்வு பெற்று வீட்டில் உட்கார்ந்திருக்கும்போது எனக்கு அடிக்கடி நினைவுக்கு வருவது அந்த இரண்டாவதுதான்.

எங்கள் தொழிற்சாலை ஒரகடம் பக்கம். காருக்குள் ஓடும் வயர்களை அளந்து, வெட்டி, கட்டுக் கட்டாகச் சேர்த்துக் கொடுக்கிற இடம். லைனில் பெரும்பாலும் பெண்கள். அதிலும் பாதிக்கு மேல் ஒப்பந்தத்தில் இருப்பவர்கள். ஒப்பந்தம் முடிகிற மாதத்தில் ஒவ்வொருவர் பெயருக்கு எதிரிலும் 'நீட்டிப்பு' அல்லது 'நிறுத்தம்' என்று முடிவு வரும். அதை மொத்தப் பட்டியலில் ஏற்றி, நிறுத்தம் என்றிருப்பவர்களுக்குச் செல்போனில் செய்தி அனுப்புவது என் வேலை. உங்கள் ஒப்பந்தம் நிறைவடைந்தது, நாளை முதல் பணிக்கு வர வேண்டாம், இதுவரை அளித்த ஒத்துழைப்புக்கு நன்றி. அந்த வாசகத்தை எழுதியவனும் நான்தான். மரியாதையாக இருக்கிறது என்று மேலிடத்தில் பாராட்டு வாங்கியிருந்தேன்.

அன்று வெள்ளிக்கிழமை. முடிவுகள் தாமதமாக வந்தன. குன்றத்தூர் போகிற கம்பெனி பஸ் கிளம்பக் கொஞ்ச நேரம்தான் இருந்தது. அதை விட்டால் நான் இரண்டு இடத்தில் பஸ் மாறிப் போக வேண்டும். ஜன்னல் வழியாகப் பார்த்தால் டிரைவர் ஏறி உட்கார்ந்தாயிற்று.

மொத்தப் பட்டியலைத் திறந்தேன். இந்த மாதம் ஒப்பந்தம் முடிகிறவர்கள் மட்டும் தெரியும்படி ஃபில்டர் போட்டேன். வந்த முடிவுகளை அப்படியே நகலெடுத்து, பெயர்களுக்கு எதிரே ஒட்டினேன். மேலே நாலைந்து வரி பார்த்தேன். சரியாக இருந்தது. கீழே இறக்கிப் பார்க்கவில்லை.

ஃபில்டர் போட்டால் மற்ற வரிகள் அழிந்துபோவதில்லை என்பது உங்களுக்குத் தெரியும். கண்ணுக்குத் தெரியாமல் இடையிடையே அங்கேயேதான் இருக்கின்றன. நான் ஒட்டிய முடிவுகள், தெரிந்த வரிகளில் மட்டும் விழவில்லை. முதல் வரியிலிருந்து வரிசையாக, மறைந்திருந்த வரிகளிலும் விழுந்துகொண்டே போயின. ஒப்பந்தமே முடியாத பெண்களின் பெயருக்கு எதிரே நிறுத்தம் என்று உட்கார்ந்தது. ஃபில்டரை எடுத்தேன். நிறுத்தம் என்ற சொல்லை வைத்து மறுபடி ஃபில்டர் போட்டேன். வந்த எண்களுக்கெல்லாம் செய்தியை அனுப்பினேன். யார் யார் பெயர் வந்திருக்கிறது என்றுகூடப் பார்க்கவில்லை. ஓடிப்போய் பஸ்ஸைப் பிடித்தேன். ஜன்னலோர இடம் கிடைத்தது. நன்றாகத் தூங்கிக்கொண்டு போனேன்.

சனிக்கிழமை காலை நான் பஸ்ஸை விட்டு இறங்கும்போது கேட்டில் கூட்டம். சீருடையோடு பெண்கள். எல்லோர் கையிலும் செல்போன். செக்யூரிட்டி என்னைப் பார்த்ததும் நிம்மதியாக, "இதோ, சாரே வந்துட்டாரு" என்று கை காட்டினார்.

ஒருத்தர் போனை வாங்கிப் பார்த்தேன். என் வாசகம். நன்றி என்ற சொல்லோடு முடிகிறது. அந்தப் பெண் லைனுக்கு வந்து ஆறேழு மாதம்தான் ஆகிறது, ஒப்பந்தம் முடிய இன்னும் நாள் இருக்கிறது என்பது எனக்கே தெரியும். அப்படியிருந்தும் என் வாய் என்ன சொன்னது தெரியுமா?

"பதட்டப்படாதீங்கம்மா. சிஸ்டத்துல ஏதோ சின்னப் பிரச்சினை. சரி பண்ணிடலாம்."

முன்னால் நின்ற பெண் கேட்டார். "சிஸ்டம்னா யாரு சார்?"

கையிலிருந்த போனை உரியவரிடம் திருப்பிக் கொடுத்தேன்.

"இல்ல, யாருன்னு கேக்கறேன். நைட்டு பூரா எங்கம்மா அழுதுகினு கீது. அந்த சிஸ்டத்த இட்டுகினு வாங்க சார், நாங்க பாக்கணும்."

எங்கள் பிரிவுத் தலைவி அதற்குள் கேட்டுக்கு வந்துவிட்டார். மேடம் என்றே சொல்கிறேன், பெயர் வேண்டாம். என்னைவிடப் பத்து வயதுக்கு மேல் இளையவர். அவர் வேலைக்குச் சேர்ந்த புதிதில், இந்தச் சின்னப் பெண்ணுக்குக் கீழே நான் வேலை பார்ப்பதா என்று எனக்கு ஒரு புழுக்கம் இருந்தது. என் பக்கத்தில் வந்து, எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி சொன்னார். "யார் அனுப்பினதுன்னு அவங்க கேக்கறாங்க. நீங்கதான்னு சொல்லுங்க சார். நான் பக்கத்துல நிக்கறேன்."

சொன்னேன். "நான்தான் அனுப்பினேன். சரியா பாக்காம அனுப்பிட்டேன். என் தப்பு. ஒப்பந்தம் முடியாத யார் வேலையும் போகல."

பிறகு திட்டினார்கள். வாய்விட்டு, நன்றாகவே திட்டினார்கள். ஒருத்தர் சிரித்தேவிட்டார். மேடம் ஒவ்வொரு பெயராகக் கேட்டுக் கேட்டு உள்ளே அனுப்பினார். அரை மணியில் வாசல் காலியாகிவிட்டது. அந்தக் காலையில் எனக்குப் பெரிய அவமானம் என்று தோன்றியது அதுதான். மதிய சாப்பாட்டுக்கு கேன்டீனுக்குள் போகவே கூசியது. தட்டோடு நான் வரும்போது ஒரு மேஜையில், "தோ, சிஸ்டம் வருது பாரு" என்று குரல் கேட்டது. இரண்டு வருஷம் எனக்கு அதுதான் பெயர்.

செய்தி போனவர்களின் பட்டியலையும் அன்று வேலைக்கு வந்தவர்களின் பட்டியலையும் சாயங்காலம் ஒப்பிட்டுப் பார்த்தோம். தவறாகச் செய்தி போனவர்களில் ஒருவர் மட்டும் வரவில்லை. வளர்மதி. கட்டிய வயர்களைச் சோதிக்கிற டெஸ்டிங்கில் வேலை பார்க்கிறவர். முப்பது வயதிருக்கும். கேட்டுக்கு வந்து கத்தவும் இல்லை, போன் பண்ணிக் கேட்கவும் இல்லை. அவருடைய சூப்பர்வைசரைக் கூப்பிட்டு விசாரித்தேன். "ரெண்டு நாள் முன்னாடி ஒரு பீஸ்ல வயர் மாறிப்போச்சுன்னு கொஞ்சம் சத்தம் போட்டேன் சார். அதுக்காகத்தான் நிறுத்திட்டாங்கன்னு நெனச்சிருக்கும்" என்றார்.

மேடம் என்னிடம், "இப்பவே போன் பண்ணிப் பேசிடுங்க" என்றார். சரி என்றேன்.

போனை எடுத்தேன். எண்ணையும் எடுத்துவிட்டேன். ஆனால் கூப்பிடவில்லை. போனில் அழுதால் என்ன செய்வது, திட்டினால் என்ன சொல்வது என்று ஒரு தயக்கம். அந்தத் தயக்கத்துக்குள்ளேயே ஒரு யோசனை முளைத்தது. நேரில் போனால் என்ன? வீடு தேடிப் போய் மன்னிப்புக் கேட்டால் அது எவ்வளவு பெரிய விஷயம்! கேட்டில் அத்தனை பேர் முன்னால் தலைகுனிந்தவனுக்கு அந்த யோசனை இதமாக இருந்தது. போன் பண்ணினீர்களா என்று மேடம் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை என் ஸ்கூட்டரில் கிளம்பினேன். சுங்குவார்சத்திரத்தில் நிறுத்தி ஒரு பெட்டி இனிப்பு வாங்கினேன். அங்கிருந்து உள்ளே போகிற ரோட்டில், வழி கேட்டுக் கேட்டு வீட்டைக் கண்டுபிடித்தேன். வழியெல்லாம் என்ன பேசுவது என்று மனசுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனேன்.

வீட்டு வாசலில் வளர்மதியின் கணவர் தண்ணீர் கேன் போடுகிற வேனைக் கழுவிக்கொண்டிருந்தார். இன்னார், இந்தக் கம்பெனி என்று சொன்னதும் குழாயை நிறுத்திவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு, நாற்காலி எடுத்துப் போட்டார். முகமெல்லாம் சிரிப்பு.

"உக்காருங்க சார். அவள திரும்ப கூப்ட வந்தீங்களா? இனிமே அனுப்ப மாட்டேன் சார், சொல்லிட்டேன்."

எனக்குப் புரியவில்லை. அவரே தொடர்ந்தார்.

"ரெண்டு வருஷமா இதே சண்டதான் சார். புள்ள ஸ்கூல் வுட்டு வந்தா கதவு தொறக்க ஆள் கிடையாது. பக்கத்து வூட்ல போய் உக்காந்துகினு கீது. வேலைய வுடு, நான் பாத்துக்கறேன்னு சொல்லி சொல்லி என் வாயே வலிச்சிடுச்சி. கேக்கவே மாட்டா. வெள்ளிக்கெழம வந்து அவளே சொல்றா சார், வேலைய வுட்டுட்டு வந்துட்டேன்யா, உனுக்கோசரம்னு. எனுக்கு கைகால் ஓடல. நேத்து மூணு பேருமா குன்றத்தூர் மலைக்குப் போய் சாமி கும்புட்டு வந்தோம்."

அவர் பேசிக்கொண்டிருக்கும்போதே வளர்மதி தண்ணீர் டம்ளரோடு வெளியே வந்தார். என்னைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டார். கணவருக்குப் பின்னால் நின்றதால் அவருக்குத் தெரியவில்லை. எனக்குத் தெரிந்தது. என்னைப் பார்த்து வளர்மதி தலையை ஆட்டினார். வேண்டாம் என்று. மிகச் சின்ன அசைவு, ஆனால் தெளிவாக.

அதன் அர்த்தம் எனக்குப் புரிந்தது. புரியாமல் பேசிவிட்டேன் என்று பிற்பாடு எனக்கு நானே பல தடவை சொல்லிப் பார்த்திருக்கிறேன். அது பொய். கணவர் சொன்னதையும் கேட்டேன், அந்தத் தலையசைப்பையும் பார்த்தேன். ஆனால் முந்தின நாளிலிருந்து சொல்லிச் சொல்லிப் பழகின வாக்கியம் வாயில் தயாராக நின்றது. அதை இறக்கிவைக்காமல் ஊர் திரும்ப எனக்கு மனசில்லை.

"இல்லைங்க, அவங்க வேலைய விடல. நாங்கதான் தவறா நிறுத்திட்டோம். அதுக்கு நான்தான் காரணம். மன்னிப்பு கேட்டுட்டுப் போகலாம்னு வந்தேன். அவங்க நாளைக்கே வேலைக்கு வரலாம்."

அந்த மனிதரின் சிரிப்பு உடனே போகவில்லை. முகத்தில் கொஞ்ச நேரம் அப்படியே இருந்தது. நான் சொன்னது உள்ளே போய்ச் சேர அவ்வளவு நேரமாயிற்று. பிறகு மனைவி பக்கம் திரும்பினார்.

"இன்னா சொல்றாரு இவரு?"

வளர்மதி டம்ளரைத் தரையில் வைத்தார்.

"நிறுத்திட்டாங்களா உன்ன? அப்போ எனுக்கோசரம் வுடல."

அவர் கத்தவில்லை. திரும்பிப் போய்க் குழாயைத் திறந்து, ஏற்கனவே கழுவி முடித்த பக்கத்தையே மறுபடி கழுவ ஆரம்பித்தார். உள்ளேயிருந்து அவர்கள் மகள் ஓடிவந்து என் கையிலிருந்த பெட்டியைப் பார்த்தாள். அதை எப்படிக் கொடுப்பது, எப்படிக் கொடுக்காமல் இருப்பது என்று தெரியாமல் நான் வைத்துக்கொண்டு நின்றேன். வளர்மதிதான், "வாங்கிக்க" என்றார்.

தெருமுனை வரைக்கும் அவர் என்னோடு வந்தார். ஸ்கூட்டரைத் தள்ளிக்கொண்டே நடந்தேன். ஏறி உட்கார்ந்து கிளப்புவதற்குத் தைரியம் வரவில்லை.

"மெசேஜ பாத்ததும் எனுக்கு ஒண்ணும் கேக்கத் தோணல சார். பீஸ்ல வயர் மாறிப்போச்சே, அதுக்குத்தான்னு நெனச்சிகினேன். பஸ்ல வர்றப்பதான் யோசன வந்திச்சி. வேலதான் போயிடுச்சி. வூட்லயாவது ஒரு நல்ல பேரு வரட்டும்னு அப்டி சொன்னேன். அது சந்தோசப்பட்டத பாத்தீங்க இல்ல?"

"எனக்குத் தெரியாதும்மா" என்றேன்.

"நான் தலைய ஆட்டினேனே சார்."

அவர் அழவில்லை. அழுதிருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும், ஆறுதல் சொல்லியிருப்பேன்.

"என் நம்பரு உங்ககிட்ட கீது இல்ல? அதுக்குத்தான மெசேஜ் போட்டீங்க. ஒரு போன் போட்டுட்டு வந்திருக்கலாமே சார்."

நான் ஏதோ சொல்லத் தொடங்கினேன். திங்கட்கிழமை வந்துவிடுங்கள், மேடத்திடம் பேசுகிறேன், அந்த மாதிரி. அவர் கேட்கவில்லை. "இப்ப கெளம்புங்க சார்" என்று சொல்லிவிட்டுத் திரும்பி நடந்தார். வீட்டுக்குப் போகிற நடையாக அது இல்லை. மெதுவாக, நின்று நின்று போனார். நான் போட்ட நெருப்புக்குள் அவர் நடந்து போவதை நின்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

திங்கட்கிழமை மேடத்திடம் போனேன். நேரில் போய் மன்னிப்புக் கேட்டுவிட்டேன் என்ற வரைக்கும் சொன்னேன். "என்ன சொன்னாங்க?" என்று கேட்டார். மழுப்பிப் பார்த்தேன், முடியவில்லை. நடந்ததை எல்லாம் சொன்னேன், தலையசைப்பு உட்பட. மேடம் என்னைத் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டவில்லை. வளர்மதியின் எண்ணைக் கேட்டு வாங்கி, அங்கேயே, என் முன்னாலேயே கூப்பிட்டார். தான் யார் என்று சொன்னார். இப்போது பேசலாமா, பக்கத்தில் யாராவது இருக்கிறார்களா என்று முதலில் கேட்டார். பிறகு இதைக் கேட்டார்.

"நாங்க என்ன பண்ணா உங்களுக்கு நல்லதுன்னு நீங்க சொல்லுங்க."

பதில் ஸ்பீக்கரில் எனக்கும் கேட்டது. "ஒண்ணும் பண்ணாதீங்க மேடம். வூட்டாண்ட யாரும் வராதீங்க. வேலைய மட்டும் எடுத்து வைங்க. நானே பேசிட்டு வரேன்."

"எவ்வளவு நாள் ஆகும்?"

"தெரியலியே மேடம்."

"பரவால்ல. இருக்கும்."

அவ்வளவுதான் பேச்சு. ஒரு நிமிஷம்கூட ஆகியிருக்காது. இதை நான் சனிக்கிழமை சாயங்காலமே கேட்டிருக்கலாம். எண் என் விரலடியில் இருந்தது.

அந்த இடத்தைக் காலியாக வைத்திருப்பது சுலபமாக இல்லை. ஆர்டர் நெருக்குகிற சமயம். டெஸ்டிங்கில் ஆள் குறைகிறது, வேறு ஆளைப் போடுங்கள் என்று உற்பத்தி மேலாளர் தினமும் கேட்டார். அவருக்குப் பதில் சொல்லும் வேலையை மேடம் எனக்குக் கொடுத்தார். "வரமாட்டேன்னு அந்தம்மா சொல்லலியே சார், எங்க தப்பால போனவங்க" என்று ஒவ்வொரு நாளும் அவர் முன்னால் நின்று சொன்னேன். சில நாள் கோப்பைத் தூக்கி மேஜையில் அடித்தார். பொறுத்துக்கொண்டேன்.

ஒரு மாதத்துக்கும் மேலாகி வளர்மதி வந்தார். கணவர்தான் பைக்கில் கொண்டுவந்து கேட்டில் விட்டார். என் பக்கம் அவர் பார்க்கவில்லை. பகலில் மட்டும் வேலை இருக்கிற பொது ஷிஃப்ட் கேட்டார் வளர்மதி, மேடம் கொடுத்தார். வீட்டில் என்ன பேசினார்கள், எப்படிச் சமாதானம் ஆயிற்று, ஆயிற்றா இல்லையா, எனக்குத் தெரியாது. அந்த மனிதர் நெடுநாள் மனைவியோடு பேசாமலே இருந்தார் என்று பஸ்ஸில் கூட வருகிறவர்கள் சொன்னது ஒரு தடவை காதில் விழுந்தது. நான் விசாரிக்கவில்லை. விசாரிக்கும் உரிமை எனக்கு இல்லை.

அதன் பிறகு எங்கள் பிரிவில் சில பழக்கங்கள் வந்தன. ஃபில்டர் போட்ட பட்டியலில் எதையும் மொத்தமாக ஒட்டுவதில்லை. போடுவதற்கு முன் எத்தனை பேர், எடுத்த பின் எத்தனை பேர் என்று எண்ணாமல் அடுத்த அடி இல்லை. பட்டியலை முழுதாக விரித்து இன்னொருவர் ஒரு தடவை பார்க்க வேண்டும். நிறுத்தம் என்பதைச் செய்தியில் சொல்லும் வழக்கத்தை மேடம் ஒழித்துவிட்டார். ஆளைக் கூப்பிட்டு, உட்காரவைத்து, முகத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டும். அப்படி முதன்முதலாகச் சொன்னவன் நான். உண்மையிலேயே ஒப்பந்தம் முடிந்த ஒரு பெண்ணிடம் அதைச் சொல்லி முடிப்பதற்குள் என் சட்டை நனைந்துவிட்டது. அதே வார்த்தைகளைத்தான் அத்தனை வருஷம் ஒரு பொத்தானில் அனுப்பிக்கொண்டிருந்தேன்.

தவறு எல்லோருக்கும் நடக்கும். உங்களுக்கும் நடக்கும். நடந்த அன்று ஒன்று செய்யுங்கள். மனசு பதறும்போது, பாதிக்கப்பட்டவர் முன்னால் போய் விழுந்து பாரத்தை இறக்கிவிட வேண்டும் என்று கால் பரபரக்கும். அந்தக் காலைக் கொஞ்சம் கட்டிப்போட்டு, அவர்களுக்கு என்ன வேண்டும் என்று முதலில் கேளுங்கள். நான் கேட்கவில்லை. எனக்கு நானே நல்லவனாகத் தெரிய வேண்டும் என்பதற்காக ஒரு வீட்டு வாசலில் போய் நின்றேன்.

வளர்மதி பிறகும் பல வருஷம் எங்களோடு வேலை பார்த்தார். எதிரே வந்தால் "வணக்கம் சார்" என்பார். அதற்குமேல் ஒரு வார்த்தை பேசியதில்லை. நான் ஓய்வு பெற்ற அன்று கேன்டீனில் சின்னதாக ஒரு கூட்டம் வைத்தார்கள். மாலை போட்டார்கள், பேசினார்கள். சிஸ்டம் கதையைக்கூட ஒருவர் சொன்னார், எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். எல்லாம் முடிந்து ஆட்கள் கலையும்போது வளர்மதி என்னிடம் வந்தார்.

"உங்க எடத்துக்கு யார் சார் வராங்க?"

"புதுசா ரெண்டு பேர் வராங்கம்மா. சின்னப் பசங்க."

"அவங்களுக்கு எல்லாம் சொல்லிக் குடுத்துட்டீங்களா?"

"எல்லாம் சொல்லிட்டேன். எப்படி எண்ணணும், எப்படிச் சரிபார்க்கணும்..."

"அது இல்ல சார். எங்க வூட்டுக்கு வந்தீங்களே, அத சொன்னீங்களா?"

நான் இல்லை என்று தலையசைத்தேன்.

"சொல்லுங்க சார்" என்றார். குரலில் கோபமில்லை. "பேர மட்டும் மாத்திக்கோங்க."

மாற்றியிருக்கிறேன்.